பெரட்டு ஐயா கூப்பிட்ட பெயர்கள்

ஆசிரியர் ஐயா, என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலிலேயே மன்னித்துவிடுங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். இப்போது தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஸ்டியரிங் பிடித்த கை பேனாவைப் பிடித்தால் வரி வளைந்து வளைந்துதான் போகிறது.

ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வம்பு செய்ய வராதவனைத் தேடி அவன் வீட்டுக்கே போய், "ஏன் இன்னிக்கு வரல?" என்று விசாரித்த காவல்காரர் ஜொகூரிலேயே, ஏன், மலேசியாவிலேயே, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மாசாய் அடுக்குமாடியின் பெரட்டு ஐயா.

பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மகள் வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மீன் வாங்கப் போனாலும் முன்னால் நிற்பவர்களின் வரிசையை நேராக்கிவிட்டுத்தான் வாங்குவார்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு பூங்கா. சாயங்காலமானால் இளவட்டங்கள் நடைபாதையிலேயே மோட்டார் சைக்கிளில் சீறுவார்கள். ஊஞ்சலடியில் பீர் டின் உருளும். ஒலிபெருக்கி அலறும். பெண்கள் அங்கே நடக்கப் போவதையே நிறுத்திவிட்டார்கள். புகார்கள் குவியவே, நகராண்மைக் கழகம் "இப்படியே போனால் வேலி போட்டுப் பூட்டிவிடுவோம்" என்றது. குடியிருப்பில் காவல் குழு அமைத்தார்கள். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி எல்லோரும் நழுவ, வாய் திறந்து மறுக்கத் தெரியாத நான் மாட்டிக்கொண்டேன். தானாக வந்தவர் பெரட்டு ஐயா ஒருவர்தான்.

"பூட்டிட்டா நான் எங்க தம்பி போறது? நாலாவது மாடியில செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?" என்றார்.

குழு கொடுத்த தடியை வீட்டில் போட்டுவிட்டு, பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்றைக் கொண்டுவந்து பூங்கா மரத்தில் தொங்கவிட்டார். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட இப்படித்தான் அடிப்பார்களாம். முதல் நாள் அவர் அடித்த அடியில் நாய்கள் ஊளையிட்டன. அடிக்கடி வெள்ளம் புகும் கோத்தா திங்கியிலிருந்து புதிதாக வந்திருந்த குடும்பம் வெள்ளம் வருகிறதென்று பயந்து, டிவியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கிவிட்டது.

இளவட்டங்களும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். ஐயாவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அவர்கள் பெயர் தெரியாததால் அவரே வைத்தார்.

"கோழிமுடி!"

"யார லா கோழிமுடிங்கறீங்க?" எங்கள் இளவட்டங்களின் தமிழில் மலாய் 'லா' ஒட்டிக்கொண்டே வரும்.

"ஒன்னத்தான். வந்திருக்க, சரி. பீர் டின்னு! எங்க அந்த ரேடியோ?"

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கோழிமுடிக்கு முகம் சிவந்துவிட்டது. "அலமாக்! தாத்தா, என் பேரு தினேஷ் லா!" என்று கத்தினான். கொஞ்ச நாளில் மற்றவர்களும் மானத்துக்குப் பயந்து சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

பெயர் கிடைத்துவிட்டால் கங்காணிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு நாள் ரேடியோ, அதாவது சரவணன், வரவில்லை. ஐயா என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, ஒங்க மகன் இன்னிக்கு வேலைக்கு வரல. காய்ச்சலா?"

"என்ன வேலைங்க?"

"பூங்காவுல ஊரே அதிர பாட்டு வக்கிற வேலை. தெனம் தவறாம செய்வான், பாவம்."

அதற்குப் பிறகு உள்ளே எழுந்த சத்தத்துக்கு அவனுடைய ஒலிபெருக்கி உறை போடக் காணாது.

வந்தால் பெயர் கூப்பிடுவார், வராவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுவார். வருவதே மேல் என்று வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா விடுவாரா? மரம் சீவுகிறவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பது போல, "ஊஞ்சல் நெர ஒனக்கு, வாய்க்கா நெர ஒனக்கு" என்று குப்பை பொறுக்க அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நான் பின்னால் டார்ச் லைட்டோடு வாய் திறக்காமல் நிற்பேன்.

நகராண்மைக் கழக அதிகாரி நேரில் வந்து முடிவு சொல்வதாக இருந்த வாரம் பார்த்து, ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆள் அனுப்பி என்னை வீட்டுக்கு வரவழைத்தார்.

"தம்பி, இன்னிக்கு பெரட்டு நீதான்."

"ஐயா, எனக்குக் கொரலே வராதுங்க..."

"பேரத்தானய்யா கூப்பிடச் சொன்னேன்? மேடையேறிப் பேசவா சொன்னேன்?"

சாயங்காலம் அதிகாரி வந்து பூங்கா வாசலில் கைகட்டி நின்றார். நான் வளையத்தை அடித்தேன். தடவினேன் என்பதே சரி. ஐயா இல்லை என்று தெரிந்ததும் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமத் தொடங்கியது. என் தொண்டையிலிருந்து "தினேஷ்" என்று ஒரு கொசு பறந்தது.

எதிரே நான்காவது மாடி ஜன்னல் திறந்தது.

"கேக்கல!"

பூங்காவே நிமிர்ந்து பார்த்தது. ஐயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்த சத்தம் அத்தனையையும் திரட்டி, "தினேஷ்!" என்று கத்தினேன்.

"இருக்கேன் லா, அங்கிள்!"

மோட்டார் அணைந்தது. சரவணனும் இருந்தான். எல்லோரும் இருந்தார்கள். ஆளுக்கொரு நிரைக்குக் குனிந்த பையன்களைப் பார்த்த அதிகாரி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிவிட்டுப் போனார். வேலி வரவில்லை.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். தினேஷ் தடுத்தான். "அங்கிள், ஒரு பேர விட்டுட்டீங்க." பிறகு ஜன்னலைப் பார்த்து அவனே கூப்பிட்டான்: "பெரட்டுத் தாத்தா!"

"இருக்கேன்டா!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. தினமும் நான்தான் கூப்பிடுகிறேன். கடைசிப் பெயருக்கு ஜன்னலிலிருந்து பதில் வந்த பிறகுதான் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வருகிறது.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள், பெரட்டு முடிந்து வந்து.