கடைசி மூச்சில் இருந்த சிலிண்டர்

ஒரு காட்டில், முன்பணம் கொடுக்காமல் பொந்துகூடக் கிடைக்காத ஒரு காட்டில், நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். நால்வரும் வேலைக்குப் போகும் பெண்கள். மூத்தவள் கரடி தெய்வானை. தேன் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை அவளுக்கு. அவள் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி நஷ்டத்தில் ஓடியது. கீரி மங்கையர்க்கரசி சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதினாள். முயல் சுகிர்தா ரேஷன் கடையில் எடை போட்டாள். ஆமை பொற்கொடிக்குக் கூரியரில் வேலை. அவள் கொண்டுபோகும் பார்சலுக்கு, வாங்க வேண்டியவரின் பேரன் வந்து கையெழுத்துப் போடுவான்.

வாடகையில் தகராறு இல்லை. பாலும் அவரவர் பால். சண்டை வந்தது கேஸ் சிலிண்டரில்தான். ஆரம்பத்தில் செலவை நாலாகப் பிரித்தார்கள். சுகிர்தாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் கேரட்டும் கீரையும் பச்சையாத் திங்கிறவ. தெய்வானையக்கா குளிக்க அண்டா அண்டாவா வெந்நீர் வைக்கிறதுக்கு நான் எதுக்குப் பங்கு குடுக்கணும்?"

"உடம்பு பூரா முடிடி எனக்கு. பச்சைத் தண்ணி உள்ள போறதுக்கே அரை நாள் ஆகும்" என்றாள் கரடி. "இந்தப் பொற்கொடியைக் கேளு. அவளும்தான் அடுப்பு பத்த வைக்கிறா."

"நான் ஒரு டம்ளர் பால் காய்ச்சுறேன். அதுக்கும் கண்ணு போடுறீங்களா?" என்றாள் ஆமை.

"பாலை வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்புற. மறுபடி இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள நாங்க வேலைக்குப் போயிட்டே வந்துடுறோம்" என்றாள் கீரி.

கடைசியில் கீரியே ஒரு சட்டம் கொண்டுவந்தாள். யார் சமைக்கும்போது சிலிண்டர் தீருகிறதோ அவர்தான் அடுத்ததை வாங்க வேண்டும். அதிகம் சமைக்கிறவர் அதிகம் மாட்டுவார், குறைவாகச் சமைக்கிறவர் குறைவாக மாட்டுவார். இதைவிட நியாயம் எங்கே இருக்கிறது? நால்வரும் கை தட்டினார்கள். பொற்கொடி தட்டிய சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

முதல் தடவை கரடி மாட்டினாள். அடுத்த தடவையும் அவளே மாட்டினாள். அதோடு விழித்துக்கொண்டாள். தினமும் காலையில் சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி இடுப்பில் வைத்து எடை பார்ப்பாள். கீரி ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டு, ஈரம் எதுவரைக்கும் காயாமல் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். முயல் காதை வைத்துக் கேட்பாள். காது அவ்வளவு நீளம் இருந்தும் என்ன கேட்டது என்று யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் அடுப்புச் சுடர் சிவப்பாக எரிந்தது. உள்ளே ஒரு மூச்சுதான் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் யாருக்கும் பசிக்கவில்லை.

"எனக்கு விரதம்" என்றாள் கீரி. காற்று வாங்க வெளியே போய்ப் பரோட்டா சாப்பிட்டு வந்தாள். "டாக்டர் சூடான பண்டமே தொடக் கூடாதுன்னுட்டார்" என்றாள் கரடி. அவள் ஓட்டலில் சாப்பிட்ட காசுக்கு ஒரு வண்டி சிலிண்டர் இறக்கியிருக்கலாம். ஆனாலும் அடுத்தவளுக்காக ஒரு பைசா செலவழிக்கவில்லை என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினாள். காபித்தூள் டப்பாவுக்குள் ஒரு சிலந்தி குடிவந்தது. அதனிடமும் வாடகைப் பங்கு கேட்கலாமா என்று முயல் யோசித்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பொற்கொடிக்கு ஒரு வரன் வந்தது.

பொற்கொடிக்கு வயது நூறு தாண்டிவிட்டது. ஆமைகளில் அது முற்றிய வயது இல்லை என்றாலும், கூடப் படித்தவர்களெல்லாம் எள்ளுப்பேரனே எடுத்துவிட்டார்கள். இந்த வரனும் போய்விட்டால் இனி ஒன்று வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும். மாப்பிள்ளை வீட்டார் போன மாதமே கிளம்பிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து சேருவார்கள் என்று தரகர் காகம் சொல்லிவிட்டுப் போனது.

பொற்கொடி மூவரிடமும் கெஞ்சினாள். "ஒரு கேசரி, நாலு பஜ்ஜி, காபி. வந்தவங்களுக்கு இதுகூட வைக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க. கையில இருந்த காசை ஓட்டுக்குப் பாலிஷ் போடக் குடுத்துட்டேன். யாராவது அடுப்பைப் பத்த வைங்கடி."

"நான் கிண்டுறேன். அணைஞ்சா உன் பேர்ல" என்றாள் முயல்.

"பத்த வைக்கிறவ கைதான் கணக்கு. சட்டத்துல ஆள் மாத்துற வேலையெல்லாம் கிடையாது" என்றாள் கீரி.

கரடி தலையைச் சொறிந்தாள். சொறியச் சொறிய ஒரு யோசனை வந்தது. "ஏண்டி, வர்றவங்களையே பத்த வைக்கச் சொன்னா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேலாயுதமும் அவன் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அவன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா மட்டும் கழுத்தை எட்டும் மட்டும் நீட்டிச் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு வாசனையும் வரவில்லை.

கீரி கும்பிட்டாள். "அம்மா, எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. மாப்பிள்ளையோட அம்மா கையாலதான் கேசரி கிண்டணும். மகாலட்சுமியே வந்து கிண்டின மாதிரி. ரவை, சர்க்கரை, முந்திரி எல்லாம் எடுத்து வச்சிருக்கோம். நீங்க பத்த வச்சா மட்டும் போதும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பின் பக்கம் போகவில்லை. நேராகச் சிலிண்டரிடம் போய் நகத்தால் டொக் என்று ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"யார் கையில தீருதோ அவங்க வாங்கணும். அதுதானே?"



"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் முயல்.

"எங்க வீட்டுச் சிலிண்டரும் இதே சத்தம்தான் போடுது. மாமியார், ஓரகத்தி, நான்னு மூணு பேருக்கு ஒரு அடுப்பு. நாங்களும் இதே சட்டம்தான் போட்டோம். அடுப்பு பத்தி வருஷம் ஆகப்போகுது." அவள் ரவையில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "அதனாலதான் வழி நெடுக வாராவாரம் ஒரு வீட்டில பொண்ணு பார்த்துக்கிட்டே வர்றோம். கேசரி, பஜ்ஜி, காபி. சில வீட்டில மத்தியானச் சாப்பாடே போட்டுடுறாங்க. இவ்வளவு தூரம் நடந்து வந்து, என்னையே கிண்டச் சொன்ன வீடு இது ஒண்ணுதான்."

அப்போது வேலாயுதம் தலையை வெளியே நீட்டினான். "அம்மா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு."

"வாயை மூடுடா. நாம பொண்ணு பார்க்க வந்தோம். பிடிக்கவா வந்தோம்? உனக்கு முடிஞ்சுபோச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கே போய்ச் சாப்பிடுறது?"

அவன் தலை உள்ளே போய்விட்டது. அம்மா பையை எடுத்துக்கொண்டாள்.

பொற்கொடி வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக நடந்தாள். கிளம்பியவர்களும் ஆமைகள்தான் என்பதால், வாசலைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டாள்.

"அத்தை, ஒரு நிமிஷம். எனக்குச் சொந்தக்காரங்க இந்தக் காடு பூரா இருக்காங்க. கல்யாணம் ஆன புதுசுல பொண்ணு மாப்பிள்ளையை ஒவ்வொரு வீட்டிலும் விருந்துக்குக் கூப்பிடுவாங்க. வடை, பாயசம், அப்பளத்தோட."

"பொண்ணு மாப்பிள்ளையைத்தானே?"

"புது இடம், எனக்குக் கூச்சமா இருக்கும். நீங்க துணைக்கு வரணும்."

வருங்கால மாமியார் மெதுவாகக் கணக்குப் போட்டாள். "நாம நடக்கிற நடைக்கு எல்லா வீட்டையும் முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"முடிக்கிறதுக்குள்ள முதல் வீட்டில நம்மள மறந்திருப்பாங்க அத்தை. மறுபடி ஆரம்பிக்கலாம்."

மாமியார் பையைக் கீழே வைத்தாள். "உள்ளே வாடா. தட்டு மாத்திடுவோம்."

கல்யாணம் கோயிலில் நடந்தது. பொற்கொடி இன்றுவரை ஒரு விருந்தும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் போனதால் மற்ற மூவருக்கும் வாடகைப் பங்கு ஏறியது. ஓட்டல் செலவும் கட்டுப்படியாகவில்லை. சிலிண்டரில் அந்த ஒரு மூச்சு மட்டும் அப்படியே பத்திரமாக இருந்தது.

மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, பக்கத்து மலை நரியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"எங்க தம்பிக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கோம்" என்றாள் கரடி.

நரி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. "கரடி, கீரி, முயல். மூணு பேருக்கும் ஒரே தம்பியா? என்ன இனம்?"

"அதெல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றாள் கீரி.

நீதி: சொந்த வீட்டுச் செலவில் கடைசிவரை நியாயமாக இருக்க வேண்டுமானால், அடுத்த வீட்டில் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும்.