தூங்குகிறவர் தேர்ந்தெடுத்த கல்லூரி

டங்.

சமையலறையில் ஒரு மூடி விழுந்தது. வேறு வீடாக இருந்தால் அது வெறும் மூடி விழுந்த சத்தம். இந்த வீட்டில் அது ஒரு சம்பவம். மூடி சுழன்று அடங்குவதற்குள் யாரோ பாய்ந்து அதை அமுக்கிப் பிடித்தார்கள். பிறகு ஒரு கிசுகிசுப்பு.

“அப்பா முழிச்சிட்டாராம்மா?”

“பேசாம இரு. கேப்போம்.”

கட்டிலில் படுத்திருந்த அப்பா முழித்துத்தான் இருந்தார். முழித்தவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

அவர் ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட் அடுப்புக்காரர். ஊர் படுக்கப் போகும்போது வேலைக்குக் கிளம்புவார். அவர் சுட்ட ரொட்டியை ஊர் தின்றுகொண்டிருக்கும்போது வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுச் சாய்வார். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். ஆகவே பகலில் அந்த வீட்டுக்கு ஒரே சட்டம்: அப்பா தூங்குகிறார். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் போட்டிருந்தார்கள். குக்கர் பக்கத்து வீட்டுக்குப் போய் விசில் அடித்துவிட்டுத் திரும்பி வரும். மனைவியின் தையல் மெஷின் அங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய கிலுகிலுப்பையின் மணிகளைக்கூட மனைவி பிரித்து எடுத்துவிட்டாள். குழந்தை அதை ஆட்டிப் பார்க்கும், ஒன்றும் கேட்காது, மறுபடியும் ஆட்டும்.

இப்படி வளர்கிற பிள்ளை என்ன செய்யும்? ஓடக் கூடாது, பாடக் கூடாது, பந்து தட்டக் கூடாது. அதனால் சத்தம் போடாத சிநேகிதர்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. எறும்பு, வண்டு, அந்துப்பூச்சி, ஜன்னல் சட்டத்தில் மண்வீடு கட்டிய குளவி. சிலந்தியைப் பூச்சி என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வரும், அதுவும் கிசுகிசுப்பாக. பள்ளியை முடிக்கிற வயதில் உயிரியலில் அவள்தான் வகுப்பில் முதல். கணக்கு மட்டும் அவளைத் தெருவில் பார்த்தால் தெரியாதவர் மாதிரி தாண்டிப் போய்விடும்.

அப்பாவுக்கு மகளைத் தெரிந்ததெல்லாம் சுவர் வழியாகத்தான். பள்ளி விட்டு வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து அன்றைய பூச்சிக் கதையை அம்மாவிடம் சொல்வாள். எழுந்து போனால் பேச்சு நின்றுவிடும், டீ போடுகிற பரபரப்பு தொடங்கிவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் மூச்சைக் கட்டிக்கொண்டு படுத்துக் கேட்பார். ஊரில் மற்றவர்கள் பணத்தைத் திருடுகிறார்கள். இவர் சொந்த மகளின் குரலைத் திருடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கேட்டது பூச்சிக் கதை இல்லை.

“டீச்சர் சொன்னாங்கம்மா, அந்தக் காலேஜ் எனக்குன்னே கட்டி வச்ச மாதிரி இருக்காம். பூச்சிக்குன்னே தனித் துறை. கணக்கு மார்க்கைக் கேக்கறதே இல்லை. எதைப் பாத்தே, எப்படிப் பாத்தேன்னு நேர்ல கேட்டுத்தான் சேர்த்துக்கறாங்க.”

“எவ்வளவு தூரம்?”

“ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி.”

கட்டில் கிறீச்சிட்டது. நல்லவேளை, தூக்கத்தில் புரள்கிற மாதிரி புரண்டு சமாளித்துவிட்டார்.

அவரிடம் வீட்டில் யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. நாள்கணக்காக மேனேஜரின் பின்னால் அலைந்து பகல் ஷிஃப்ட் வாங்கியிருந்தார். பள்ளி விடுமுறை முடிகிற சமயத்திலிருந்து எல்லாரையும் போலச் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், விளக்கடியில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். என்ன பேசுவது என்பதைக்கூட அடுப்பின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இவர் எழுந்து வருகிற நேரம் பார்த்து அவள் ரயிலேறுவதாவது! அப்போதே ஒரு சபதம் செய்தார்: என் மகள் பஸ் போகாத ஊருக்குப் படிக்கப் போக மாட்டாள்.

சபதத்துக்குத் தோதாக, வீட்டு முனையில் ஏறினால் பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் ஒரு கல்லூரி இருந்தது.

“நாளைக்கு நானே பாப்பாவை பஸ் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றார் மனைவியிடம்.

“தூங்க வேணாமா?”

“பொண்ணு படிப்பைவிடத் தூக்கமா பெரிசு? காலேஜுன்னா பிள்ளையோட ஆசைக்கும் மார்க்குக்கும் பொருந்தணும். அதையெல்லாம் அப்பன்காரன் நேர்ல பாக்கணும்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சட்டையில் பட்ட கறையை எந்தச் சோப்புப் போட்டு எடுக்கலாம் என்று யோசிக்கிற பார்வை. “பேஷா போயிட்டு வாங்க,” என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் யோசிக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. தூக்கக் கலக்கம்.

கல்லூரி அலுவலக உதவியாளர் சாவிக்கொத்தோடு கூடவே வந்து சுற்றிக் காட்டினார்.

“விலங்கியல் துறை எங்கேங்க?” என்று கேட்டாள் மகள்.

“இருந்துச்சும்மா. சேர ஆளில்லை. இப்ப அங்க உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்கோம்.”

உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அட்டையில் குத்திய வண்டு ஒன்று. மகள் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அப்பா, இதுக்கு ஏழு கால் ஒட்டியிருக்காங்க. ஆறுதான் இருக்கணும்.”

“பாரு, எவ்வளவு தாராளமான காலேஜ்!”

அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வெளியே வந்தாலும் அவளுக்குச் சிரிப்பு அப்படித்தான்.

“இங்க கம்ப்யூட்டர் இருக்கு, காமர்ஸ் இருக்கு,” என்று அப்பா அடுக்கினார். “பூச்சி வேணும்னா கேன்டீன்ல ஈ இருக்கு, நானே பாத்தேன். வேற என்ன வேணும் உனக்கு?”

“சரிப்பா.”

“சரின்னா?”

“சரின்னா சரிதாம்ப்பா.”

திரும்பி வரும்போது வெற்றிக் களைப்பில் பஸ்ஸிலேயே மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ், வீட்டு நிறுத்தத்தை எப்போதோ தாண்டி, டெப்போவில் கழுவுவதற்காக நின்றுகொண்டிருந்தது.

“ஏன் பாப்பா எழுப்பல?”

“தூங்கிட்டிருந்தீங்களேப்பா.”

அவள் தோள் இம்மியும் அசையவில்லை. அப்பாவுக்கு என்னவோ போலிருந்தது. பசி என்று எண்ணி, ஒரு பன் வாங்கித் தின்று பார்த்தார். பசி இல்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம், படுக்கையில் முழிப்பு வந்தது. அன்று கிசுகிசுப்பு வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. சுவர் இளைத்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டார்.

“பஸ் காலேஜே போதும்மா.”

“அப்ப பூச்சி?”

“பூச்சி எங்க ஓடிடப் போவுது. நான் போயிட்டா அப்பா…” குரல் அந்த இடத்தில் உடைந்தது. “அப்பா எழுந்து வர்றப்ப வீட்ல யாரும்மா இருப்பா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம். அதையும் துண்டில் பொத்திக்கொண்டு.

ஜெயித்தாயிற்று. ஜெயித்தவன் புரண்டு படுத்து நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே? கண்ணை மூடினால் வண்டு வந்தது. அந்த உபரிக் காலை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பொத்திப் பொத்தி வளர்ந்த பிள்ளை, அழுகையையும் பொத்திக்கொண்டு அழுகிறது. அப்பா எழுந்தார். சட்டை போடாமல், லுங்கியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

“பஸ் காலேஜுக்கு நீ போகக் கூடாது.”

“நீங்கதானே அதைப் போய்ப் பாத்துட்டு…” என்று இழுத்தாள் மனைவி.

“நான்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரு வண்டுக்கு ஒழுங்காக் கால் ஒட்டத் தெரியாதவன் என் பொண்ணுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பான்? அவ ரயில் காலேஜுக்குத்தான் போறா. இந்த வீட்ல என் பேச்சுக்கு மதிப்பு இருக்கா இல்லையா?”

“இருக்குங்க,” என்றாள் மனைவி மிக அடக்கமாக. “நீங்க முடிவு பண்ணிட்டா மறுபேச்சு ஏது?”

மகள் துண்டிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

ரயில் கல்லூரியில் எதைப் பார்த்தாய், எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்கள். ஜன்னல் குளவி மண் சுமந்ததை, உருட்டியதை, வாய் வைத்து மூடியதை அவள் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாளாம், கேட்டவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்களாம். இடம் கிடைத்தது. விடுமுறை முடிந்த கையோடு ரயில் ஏறினாள். பிளாட்பாரத்தில் அப்பா ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. “தண்ணி பாட்டிலை மூடி வை,” என்றார். ரயில் நகர்ந்தது.

மறுநாள் அவருக்குப் பகல் ஷிஃப்ட்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வீடு இனி எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். போடத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்த குக்கர் விசில் அடித்தது; பதறிப் போய் மனைவி ஓடி அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி பற்றவைத்தாள். இருவரும் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரிக்க உட்கார்ந்தார்கள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

“அன்னிக்கு நான் மட்டும் எழுந்து வரலேன்னா அவ வாழ்க்கை என்ன ஆயிருக்கும்? யோசிச்சுப் பாத்தியா?”

“யோசிச்சேன். அதான் உங்க கட்டில் பக்கத்துச் சுவரோரமா நின்னு பேசினோம்.”

அவர் கையிலிருந்த பட்டாணி மேஜையில் உருண்டது.

“நான் முழிச்சிருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க தூங்கினாத் தெருவுக்கே தெரியும். குறட்டை நின்னா முழிப்பு. இதுக்குத் தனியா ஒரு துறை வச்சுப் படிக்கணுமா?”

“அவளுக்குத் தெரியுமா?”

“பேசக் கத்துக்கிட்டதிலேருந்து.”

“அப்ப அவ அழுதது?” என்றார் அப்பா.

“வசனம் நான் சொல்லிக் குடுத்தது. அழச் சொல்லிக் குடுக்கலை.”

குக்கர் அடங்கியது. பழக்கம் விடாமல் இருவரும் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பூச்சிக் கதையெல்லாம் அவ எனக்கா சொன்னான்னு நினைச்சீங்க?” என்றாள் மனைவி. “எனக்குப் பூச்சின்னாலே உடம்பு கூசும். சுவத்தைப் பாத்துத்தான் சொல்லுவா. குறட்டை நின்ன பிறகுதான் ஆரம்பிப்பா.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

“உழைச்சுட்டு வந்து படுத்திருக்கிற மனுஷன், எப்படிக் கூப்பிடறது? ‘அப்பா முழிச்சிட்டாரே, ஏம்மா இன்னும் எழுந்து வரலை’ன்னு கேப்பா. ‘வருவார், கதையை இன்னும் கொஞ்சம் நீட்டு’ன்னு சொல்லுவேன். அவளும் நீட்டுவா. அவ நீட்ட நீட்ட, நீங்க இன்னும் நல்லாப் படுத்துக்கிட்டீங்க.”

அப்பா உருண்ட பட்டாணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகு அடுத்த காயை எடுத்து, சத்தம் வராமல் பிரித்தார்.