பூக்கண்டு ஹாஜியாரும் பறக்கத் தெரியாத வண்டும்

எங்கள் வீதியில் பூச்செடிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் எங்கள் வீதியில் ஒரு பூச்செடியும் மிஞ்சவில்லை.

கல்முனையில் அவருக்குப் பூக்கண்டு ஹாஜியார் என்று பெயர். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கோப்புக் கட்டியவர், இளைப்பாறிய மறுநாளே தாவரவியல் மேதையாகிவிட்டார். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் கரட்டும் லீக்ஸும் வாங்கி வந்தார்கள். இவரோ பன்னிரண்டு ரோசாச் சாடிகளை வான் வண்டியின் ஆசனங்களில் இருத்தி, மனைவியை மூலையில் ஒடுக்கிக்கொண்டு வந்தார். பிறகு வீட்டுக்கு வீடு ஒரு ரோசாக் கண்டும், ஒரு மணி நேரப் பிரசங்கமும் வழங்கினார்.

இரண்டு மாதத்தில் அவர் வீட்டு இலைகளின் ஓரமெல்லாம் பிறை பிறையாகக் கடிபட்டுக் கிடந்தன. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்கட ஆட்டக் கட்டி வைங்க."

"ஆட்டக் குர்பான் குடுத்து ஒரு மாசம், ஹாஜியார். இறைச்சி உங்களுக்கும் வந்ததுதானே."

சற்றும் கூசாமல், "அப்ப உங்கட கோழிதான்" என்றார். வீதியின் வட்சப் குழுவில் என் கோழியின் படத்தையும் போட்டார், 'குற்றவாளி' என்று எழுதி.

பிறகு எல்லார் வீட்டிலும் ரோசா வாடியது, செவ்வரத்தையும் வாடியது. பிடித்து இழுத்தால் ஆடும் பல்லைப்போல் கையோடு வந்தது. காரைதீவிலிருந்து விவசாயப் போதனாசிரியர் வந்து, ஹாஜியாரின் சாடி ஒன்றைக் கவிழ்த்தார். மண்ணுக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன, வேரைக் காணவில்லை.

"கூன்வண்டுட புழு. வெளியால இருந்து வந்த இனம். வண்டு இலையத் தின்னும், புழு வேரத் தின்னும். ஆனா இதுக்குப் பறக்கத் தெரியாது. ஆரோதான் சாடி மண்ணோட கொண்டு வந்திருக்காங்க."

வீதியே ஹாஜியாரைப் பார்த்தது. ஹாஜியார் சாடியைப் பார்த்தார்.

மறுநாள் அதிகாலை சுபஹு தொழுததும் கையில் வாளியோடு என் வாசல் படலையில் நின்றார். "என்னாலதான் தம்பி, மன்னிச்சிருங்க" என்றவர், பிரசங்கம் ஏதுமின்றிக் குந்தியிருந்து புழுப் பொறுக்கினார். இப்படி எல்லா வீட்டிலும். கடைசியில் தன் செடிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எரித்தார்.

அந்த வெறும் முற்றத்தில் அவர் பேசாமல் இருந்ததை மூன்று நாள்தான் என்னால் பார்க்க முடிந்தது. நாலாம் நாள் உள்ளே போய், "பிளேன்டீ ஒன்டு ஊத்துங்க ஹாஜியார்" என்று அவர் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

தேயிலையை எப்படி ஊறவிட வேண்டும் என்று மெல்லத் தொடங்கினார். எல்லாம் பிழையாகத்தான் சொன்னார். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை நான் "ஓம் ஹாஜியார், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.