சிறில் முதலாளியின் நைட்கிளப்பும் அருந்ததியின் சம்பந்தமும்

வெள்ளவத்தை,
14.02.1997

பெருமதிப்புக்குரிய பாலசுந்தரம் அத்தான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் லண்டன் குளிருக்கு ஈடுகொடுத்து நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு மனைவி கனகேஸ்வரியும் மகள் அருந்ததியும் சுகம். நானும் சுகமென்று கனகேஸ்வரி சொல்கிறாள், எனக்கு நிச்சயமில்லை.

அருந்ததிக்குத் தாங்கள் பேசிவைத்த மாப்பிள்ளையின் தகப்பனார் யோகநாதன் மாஸ்டர், மார்ச் இரண்டாம் திகதி ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிலிருந்து பெண் பார்க்க வருகிறார். ஓய்வுபெற்ற அதிபர், மிகக் கண்டிப்பானவர் என்கிறார்கள். நான் இப்போது என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டால் சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். ஏனெனில், அத்தான், நான் ஒரு நைட்கிளப் கட்டிவிட்டேன்.

உத்தியோக காலம் முழுவதும் ஆஸ்பத்திரி வார்டும் பாடசாலை மண்டபமும் வரைந்த படவரைஞன் நான். பம்பலப்பிட்டியில் இடம் வாங்கிய சிறில் முதலாளி கேட்டபோது மறுக்கத் தைரியம் வரவில்லை. நைட்கிளப்பின் உட்புறத்தை நான் கண்டதில்லை, விசாரிக்கவும் கூச்சம், ஆகவே தெரிந்ததை வரைந்தேன்: இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், நடுவே அகன்ற வெளி, வாசலில் செருப்புத் தட்டு, குண்டு வெடிக்கிற காலமாகையால் தப்பி ஓட நாலு கதவு. வரைபடத்தோடு போனபோது சென்றிச் சோதனைச் சாவடியில் மறித்த சிப்பாய் படத்திலிருந்த நாலு கதவையும் விரலால் தொட்டுத் தொட்டு, "மேக்க மொகத?" என்று, அதாவது இது என்னவென்று கேட்டான். ஆடுகிற இடம் என்று சிங்களத்தில் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவன் நம்பவில்லை. விளக்கு வேலை எடுத்திருந்த ஜாபிர் வந்துதான் மீட்டார்.

கட்டி முடிந்ததும் சிறில் முதலாளி தலையில் கைவைத்தார். "ஐயோ மாத்தயா, ஜோடி ஒண்ணா உக்காரத்தானே வாறது! இது என்ன, பன்சலையா, புத்த கோயிலா?"

இடித்துவிடலாம் என்றேன். ஜாபிர் விடவில்லை. "அப்பிடியே வுடுங்க முதலாளி. இந்தப் பக்கத்தால அந்தப் பக்கம் போகணும்டா நடுவால தானே போகணும்? நடுவுல நான் லைட்டப் போடுறன். ஆடாம எப்பிடிப் போறான்னு பாப்பம்!"

அத்தான், ஒருவரும் ஆடாமல் போகவில்லை. மற்ற இடங்களில் சனம் மூலையில் குந்தியிருக்குமாம். இங்கே எல்லாரும் நடுவிலே. வரிசை பிரதான சாலையான காலி வீதிவரை நிற்கிறது. இப்போது பத்திரிகைக்காரர் எங்கள் மூவரையும் படமெடுக்கக் கேட்கிறார்கள். என் பெயரை மறைக்கும்படி கெஞ்சினேன். "வெக்கம் ஏன் மாத்தயா? முழுக் கொழும்பும் வருதே!" என்றார் முதலாளி. என் பயமே அதுதான். கனகேஸ்வரியோ, "ஆசுப்பத்திரி கட்டின கையாலை இதைக் கட்ட எப்பிடியப்பா மனம் வந்தது?" என்று கேட்டுக் கேட்டு என் தேநீரில் சீனி போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆகையால் அந்த ஞாயிறுக்கு முன் மாஸ்டர் வீட்டுக்குத் தொலைபேசியில் கதைத்து, நான் பஜனை மண்டபம் ஒன்று வரைவதாகச் சொல்லிவிடுங்கள். முழுப் பொய்யுமல்ல, செருப்புத் தட்டு இருக்கிறது.

அக்காவின் ஆசி என் பிள்ளையைக் காக்கட்டும். என்னைக் காக்கத் தங்கள் தொலைபேசி போதும்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
நாகேந்திரம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாஸ்டர் இன்றே தனியாக வந்துவிட்டார். "எல்லாம் விசாரிச்சனான். பம்பலப்பிட்டிக் கட்டடம் உங்கடைதானே?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். கதிரையை அருகே இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தத்துக்கு எனக்குப் பூரண சம்மதம். சனிக்கிழமை என்னை ஒருக்கா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போவியளே? மனிசிக்குத் தெரியவேண்டாம்." ஆகவே, அத்தான், பஜனை மண்டபம் என்றே சொல்லுங்கள். அவரிடமல்ல, அவருடைய மனைவியிடம்.