பாரா அண்ணாச்சி ஒரு நாட்டுக்குக் கேப்டன் ஆன கதை

கிரிக்கெட்டை பாரா அண்ணாச்சி அளவுக்கு நேசித்த மனிதர் உலகத்தில் இல்லை. கிரிக்கெட் அவரை உதாசீனம் செய்த அளவுக்கு வேறு யாரையும் செய்ததில்லை. மும்பை குர்லாவில் எங்கள் வால்வு கம்பெனி அணியின் பதினொரு பேரில் ஒருவராகக்கூட வர முடியாத அந்த ஆள்தான் பின்னாளில் ஒரு தேசத்தின் அணிக்கே கேப்டனாக இருந்தார். இதைச் சத்தியம் செய்து சொன்னாலும் மாட்டுங்காவில் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். அச்சில் வந்தால் பாதிப் பேராவது நம்புவார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பாரா என்றால் மராத்தியில் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி அணி மாட்டுங்கா மைதானத்தில் ஆடும்போதெல்லாம் அவர்தான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் தூக்குவார், கையுறை கொண்டு போவார், அம்பயரின் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். நான்கு வருடம் இதே உத்தியோகம். வீடு தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தொழில் ஃபிட்டர்.

நான் டிஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, பேனா பிடிக்கத் தெரியும் என்பதால் ஸ்கோரர் ஆக்கிவிட்டார்கள். ஆக, மைதானத்துக்குள் இறங்காத இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த நாற்காலி.

அவர் மோசமான பந்துவீச்சாளர் என்று சொல்ல மாட்டேன். நெட்ஸில் பார்த்திருக்கிறேன். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து புயல் மாதிரி ஓடி வருவார். மட்டையோடு நிற்பவர் கலங்கிப்போய் ஹெல்மெட்டைத் தடவிக்கொள்வார். கடைசியில் கையைவிட்டு வெளியே வரும் பந்து, அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி நகர்ந்து வரும்.

எங்கள் கேப்டன் பர்ச்சேஸ் பிரிவு சாவந்த். அவர் ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு இந்தியில் கேட்டார்: "அரே பாரா, நீ வர்றது ஃபாஸ்ட் வண்டி. உன் பந்து மட்டும் ஏன் ஸ்லோ லோக்கல்ல வருது?"

"சாப், முதல்ல பயம் போய்ச் சேரும். பின்னாடி பந்து போய்ச் சேரும். அதுதான் நம்ம டெக்னிக்."

சாவந்த் அந்த டெக்னிக்கை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. எங்கே நாலு பேரைக் கண்டாலும் ஃபீல்டிங் நிறுத்துவார். கேன்டீன் வரிசை, கல்யாணப் பந்தி, ரேஷன் கடை, எதுவும் விலக்கல்ல. சாயங்காலம் குர்லா ஸ்டேஷனில் இந்த வியாதி முற்றும். எங்கள் ஆபீஸில் ஐந்து பேர் கல்யாண் போகிறவர்கள். வண்டி வருவதற்கு முன்பே அவர்களைப் பிளாட்பாரத்தில் அளந்து நிறுத்துவார்.

"அக்கவுண்ட்ஸ் சார், நீங்க ஷார்ட் லெக். கதவுக்குப் பக்கத்துலயே குனிஞ்சு நில்லுங்க. ஸ்டோர்ஸ் அண்ணன், நீங்க கவர்ல. உங்க தொந்திய வச்சு பின்னால வாரவனத் தடுக்கணும். யாரும் அசையக் கூடாது, நான் சொன்னதும் பாயணும்!"

பாய்வார்கள். ஐந்து பேருக்கும் சீட் கிடைக்கும். ஜன்னல் வழியாக அவர்கள் கையாட்டிய பிறகு, அண்ணாச்சி படியேறி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போவார். அவருடைய வண்டி அந்தப் பக்கம். சயானில் இறங்கித் தாராவிக்கு நடக்க வேண்டும். அடுத்த ஸ்டேஷன்தான் என்றாலும் அந்த ஒரு ஸ்டேஷனுக்கும் தொங்கிக்கொண்டுதான் போவார். தனக்கு ஃபீல்டிங் நிறுத்த அங்கே ஆள் கிடையாது.

திடீரென்று ஒருநாள் வேலையை விட்டார். ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு குட்டி நாட்டில், மீன்களைப் பதப்படுத்தும் குளிர்சாதனக் கிடங்கில் மெக்கானிக் வேலை. நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வழியனுப்பப் போனபோது அவருடைய பெட்டியில் இரண்டு கிரிக்கெட் மட்டை, ஆறு பந்து, ஒரு ஜோடி பேட் இருந்தன. ஸ்வெட்டர் மட்டும் இல்லை.

"அண்ணாச்சி, அங்கே பனி கொட்டுமே!"

"பனி கொட்டுனா பந்து நல்லாத் திரும்பும் டிஸ்பாட்ச் சார்."

மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாட்ஸப்பில் வாழ்த்து வரும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"டிஸ்பாட்ச் சார், என்னையக் கேப்டனாப் போட்டுட்டாவ."

"சபாஷ்! எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனிக்கு இல்ல சார். நாட்டுக்கு."

லைன் சரியில்லை என்று நினைத்து, போனை வைத்துவிட்டு நானே மறுபடி கூப்பிட்டேன். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார்.

நடந்தது இதுதான். அந்த நாட்டில் மூன்று வருடம் வசித்துவிட்டால் தேசிய அணியில் ஆடலாமாம். அணியில் மொத்தம் பதினான்கு பேர். ஒரு லாகூர் டாக்ஸி டிரைவர், ஒரு டாக்கா சமையல்காரர், ஓர் இங்கிலீஷ் வாத்தியார், இன்னும் பல ஊர்க்காரர்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவர் ஒரே ஒருவர், ஒரு போஸ்ட்மேன். அவரும் மனைவி தொல்லை தாங்காமல் ஞாயிறுகளில் வெளியே வந்தவர். லாகூர்க்காரரும் டாக்காக்காரரும் ஒரு ரன் அவுட் காரணமாக ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேரோடும் பம்பாய் இந்தியில் பேசிச் சமாளிக்கத் தெரிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். போதாததற்கு, ஆடுகளத்தில் விரிக்கும் பாயைச் சுருட்டி ஏற்றும் அளவுக்குப் பெரிய வேன் அவரிடம் மட்டுமே இருந்தது. ராஜதந்திரமும் வேனும் ஒரே ஆளிடம் இருந்தால் வேறு யாரைக் கேப்டனாக்குவது?

செய்தியைச் சாவந்திடம் சொன்னேன். கையிலிருந்த ஃபைலை மூடினார். பிறகு, "அந்த நாட்டில் மொத்தம் பத்துப் பேர்தான் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

தாராவியில் இருந்த அண்ணாச்சியின் அக்காவுக்கு வேறு கவலை. "ஏன் சார், அங்கன கேப்டன் ஆனா இங்கன ரேஷன் கார்டுல பேர எடுத்துருவாவளா?"

கேப்டன் அண்ணாச்சியின் சாதனைகளை நான் மறைக்கப்போவதில்லை. போன இடமெல்லாம் தோற்றார். பக்கத்து நாட்டிடம் தோற்றார், அதற்கும் பக்கத்து நாட்டிடமும் தோற்றார். ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயிக்கிற நிலைமை வந்தது. அன்று வேலியை உடைத்துக்கொண்டு ஒரு செம்மறி மந்தை உள்ளே வந்து படுத்துவிட்டது. ஆடுகளம் என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு முழுப் பொருளும் விளங்கியது. ஆனாலும் தோற்ற ஒவ்வோர் ஆட்டத்தையும் போனில் எனக்குப் பந்து பந்தாகச் சொல்லுவார். தோல்விக்குக் காரணம் எப்போதும் காற்று. அணியில் ஒருவரைக்கூட அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நாட்டுக் கிரிக்கெட் சங்கத்துக்கு ஒருநாள் பொறுமை தீர்ந்தது. பயிற்சிக்காக இந்தியா போய்வாருங்கள், அங்கே ஓர் ஆட்டத்திலாவது ஜெயிக்காவிட்டால் வாத்தியார்தான் அடுத்த கேப்டன் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி அணியோடு மும்பை வந்து இறங்கினார். ஒரு வங்கி அணியிடம் தோற்றார். கல்லூரி அணியிடம் தோற்றார். ஒரு பள்ளிக்கூட அணியிடமும் தோற்றார். பாக்கி இருந்தது ஒரே ஆட்டம். அது எங்கள் வால்வு கம்பெனியோடு. மாட்டுங்கா மைதானத்தில்.

முதல்நாள் என் வீட்டுக்கு வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"கேப்டன் பதவி போனா போகட்டும் சார். ஆனா அந்தப் பயலுவ என்னைய நம்பி வந்துட்டானுவ. போஸ்ட்மேன் லீவு கிடைக்காம, வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கான். ஒருக்காவாது ஜெயிச்சுக் காட்டணும்."

மறுநாள் தாராவியே திரண்டு வந்திருந்தது. ஆட்டம் தொடங்குமுன் தேசிய கீதம் பாடியே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தார். அந்த நாட்டு கீதம் மாட்டுங்காவில் யாரிடம் இருக்கும்? அவரே நெஞ்சில் கை வைத்துப் பாடினார். அந்த மொழியைத் திருநெல்வேலி ராகத்தில் உலகம் முதன்முதலாகக் கேட்டது. அணியில் பாதிப் பேருக்கு வரிகள் தெரியாது, வாயை மட்டும் அசைத்தார்கள். போஸ்ட்மேன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா என் காதருகே குனிந்தார். "சார், இதுல நம்ம ஆளுக யாரு?"

"உங்க தம்பி எந்தப் பக்கம் நிக்கறாரோ அவாதான்."

"அப்ப அந்த வெள்ளக்காரனும் நம்ம ஆளுதான்," என்று போஸ்ட்மேனைக் காட்டி முடிவு செய்துவிட்டார்.

அவர்கள் முதலில் ஆடி நூற்று முப்பது சொச்சம் எடுத்தார்கள். நாங்கள் துரத்தினோம். பத்தாவது ஓவரில் அண்ணாச்சி பந்தைத் தானே எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார். நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். திரும்பி ஓடி வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. அந்த ஓவரின் முடிவில் இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. பயம் முதலில் போய்ச் சேர்ந்தது, பந்து பின்னால் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்திய ஃபீல்டிங் இருக்கிறதே, குர்லா பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். லாகூர்க்காரரையும் டாக்காக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

கடைசிப் பந்து. கடைசி விக்கெட். இரண்டு ஓட்டம் எடுத்தால் எங்களுக்கு வெற்றி, ஒன்று எடுத்தால் சமம். மட்டையோடு நிற்பவர் சாவந்த். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, கம்பெனிக்காக ஆடும் கடைசி ஆட்டம் அவருக்கு. பந்து போடுபவர் அண்ணாச்சி.

சாவந்த் ஓங்கி அடித்தார். பந்து தரையோடு நேராக அண்ணாச்சியின் கைக்கே வந்தது. அதைப் பார்க்காமல் சாவந்த் ஓடினார். பாதி வழியில் கால் பிசகி விழுந்தார். எழ முடியவில்லை. கையை மட்டும் தூக்கி, "பாரா, அரே பாரா..." என்றார்.

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். நிதானமாக நடந்துபோய் ஸ்டம்பின் தலையிலிருந்த பெயில்ஸைத் தட்டிவிட்டு, தமிழ், இந்தி, அந்த ஊர்ப் பாஷை மூன்றிலும் அம்பயரிடம் முறையிட்டார். அம்பயர் விரலைத் தூக்கினார். ஒரு ஓட்ட வித்தியாசத்தில் வெற்றி.

அப்புறம்தான் ஓடிப்போய்ச் சாவந்தின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவிவிட்டார்.

"விழுந்து கிடக்கிறவனை அவுட் ஆக்கலாமா பாரா?"

"மன்னிக்கணும் சாப். எனக்குப் பின்னால ஒரு நாடே நிக்குது."

அவருக்குப் பின்னால் அப்போது நின்றுகொண்டிருந்தது போஸ்ட்மேன் ஒருவர்தான். சாவந்த் அந்தப் போஸ்ட்மேனைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, அண்ணாச்சியின் தோளைப் பிடித்து எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

'மும்பையை வீழ்த்தினோம்' என்று அந்த நாட்டுப் பத்திரிகை போட்டதாம். குர்லா வால்வு கம்பெனி என்ற விவரத்துக்கு அவர்கள் பத்திரிகையில் இடம் இல்லை. அண்ணாச்சியின் பதவி தப்பித்தது. இன்னும் இரண்டு வருடம் கேப்டனாக இருந்து, அந்த இரண்டு வருடமும் தவறாமல் தோற்று, பிறகு தாமாகவே டாக்காக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். போஸ்ட்மேனுக்கு மீன் கிடங்கிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பாயை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாட்டின் பெயரை ஏன் மறைத்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்கோர் நோட்டைச் சரிபார்த்தேன். அண்ணாச்சியின் முதல் ஓவரில் ஏழு பந்து பதிவாகியிருந்தது. ஏழு பந்து என்றால் அதில் ஒன்று வைடு. வைடு என்றால் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஓட்டம். என் நோட்டில் அந்த முதல் பந்துக்கு நேராக வெறும் புள்ளி. அம்பயர் இரண்டு கையையும் அகல விரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நியாயப்படி அந்த ஆட்டம் சமம். சமமாகியிருந்தால் கேப்டன் பதவி வாத்தியாருக்கு.

நோட்டு என் பீரோவில் இருக்கிறது. இன்றுவரை திருத்தவில்லை. நாட்டின் பெயரை எழுதினால் அந்தச் சங்கத்தின் காதுக்கு இது எட்டிவிடும். சாவந்த் தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒரு ஸ்கோரர் அதை எப்படித் தவறவிடலாம் என்று நீங்கள் கேட்கலாம். நான்கு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் அந்த மைதானத்தில் போட்ட முதல் பந்து அது. நான் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தேன்.