வயரைக் கேட்டவன்

எனக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. எங்கே என்ன கெட்டுப்போனாலும் அதற்குக் காரணமான ஆளை ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அந்த ஆள் ஒருபோதும் நானாக இருந்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கொழும்பில் ஒன்றரை வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் கழுத்தில் டை கட்டியாகிவிட்டது. (பதுளை வெயிலில் டை கட்டித் திரிந்த ஒரே ஆள் அப்போது நான்தான். பேங்க் மேனேஜரே சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் நடப்பார்.)

கம்பெனிக்கு ஒரு வேலை கிடைத்தது. ஹாலிஎலைக்கு மேலே நான் பிறந்து வளர்ந்த அதே தோட்டம். அங்கே தேயிலை ஸ்டோரில் (ஃபெக்டரியைத் தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தேயிலை காயும் அடுப்பின் சூட்டை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் பதிந்து, டெலிபோன் லைன் வழியாகப் பதுளைக்கு அனுப்ப வேண்டும். முதல் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் இரண்டாவது கம்ப்யூட்டர் உடனே அந்த வேலையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இதைச் சோதிக்க முதலாவதின் சுவிட்சை அணைத்துவிட்டு, பதுளையில் இருக்கும் கூட்டாளியிடம் போனில் "வருதா?" என்று கேட்டால் போதும்.

சில நாள் "வருது" என்பான். சில நாள் "ஒண்ணுமே வரல" என்பான். வராத நாளிலும் அரை மணி நேரம் போனால் யாரும் தொடாமலே தானாக வர ஆரம்பிக்கும். எப்போதும் கெட்டுப்போகிற மெஷினைத் திருத்தலாம். நினைத்தபோது மட்டும் கெட்டுப்போகிற மெஷினை என்ன செய்வது?

நான் என்னென்ன செய்தேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. வயரை மாற்றினேன். மோடத்தை மாற்றினேன். எலி கடிக்கிறது என்று பொறி வைத்தேன். மழையில் போஸ்ட் கம்பம் நனைகிறது என்று டெலிபோன்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். இதெல்லாம் போதாதென்று, ஷிஃப்ட் மாறும்போது சில நாள் அரை மணி நேரத்துப் பதிவுகள் மொத்தமாகக் காணாமல் போயின. அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். எக்ஸ்சேஞ்சில் ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்களாம்! இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கடைசியில் என் மூளை ஒரு பெரிய உண்மையைப் பிடித்தது. தேறாத சோதனை ஒன்பதையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது தடவையும் டியூட்டியில் இருந்தவர் ஸ்டோருக்கே பொறுப்பான டீமேக்கர் சுப்பையா. அசிஸ்டன்ட் டீமேக்கர் இருந்த நாளெல்லாம் சோதனை தேறியிருந்தது.

சுப்பையா வேறு யாருமில்லை, என் தாய்மாமன். ஸ்டோரில் கூட்டித் துடைக்கும் வேலையில் நுழைந்து டீமேக்கர் வரை வந்தவர். அவர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் பேசித்தான் இந்த வேலையே எங்கள் கம்பெனிக்கு வந்தது. கம்ப்யூட்டர் வந்தால் தன் கைப்பதிவேட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார், அதனால் வயரில் கை வைக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே துரைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். சோதனை தவறும் போதெல்லாம் டீமேக்கர் அங்கே இருக்கிறார் என்பது அதன் சாரம். எழுதி முடித்ததும், சொந்தக்காரன் என்றும் பார்க்காத என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது. (அன்றைய என்னை இன்று வழியில் சந்தித்தால் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஹாலிஎல ஸ்டேஷனில் கட்டிப்போடுவேன்.)

துரை உடனே மாமாவை வீட்டில் இருக்கச் சொன்னார். கடைசிச் சோதனை முடியட்டும், அதுவரை ஸ்டோர் பக்கம் வரக்கூடாது, அவர் இல்லாமல் சோதனை தேறினால் அவர்மேல் விசாரணை. இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ச் சாவியை இடுப்பில் வைத்திருந்த மனிதர் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். என் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோற்றைப் போட்டாள், பேச்சைப் போடவில்லை.

எட்டாம் நாள் கடைசிச் சோதனை. எங்கள் கம்பெனியின் பெரியவர் நேசன் சேர் கொழும்பிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். அவர் வரும் முன் எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று முதல் கம்ப்யூட்டரைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருந்த சின்னப் பேட்டரியைக்கூடப் புதிதாகப் போட்டேன். அதில் நேரம் அழிந்துபோனது. நிமிர்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தேன். இரண்டாவது கம்ப்யூட்டர் பூட்டிய அறையில் பத்திரமாக இருந்தது. அதன் சாவி என் பையில். மாமாவும் இல்லை. இனி என்ன கவலை?

துரை, நேசன் சேர், அசிஸ்டன்ட் டீமேக்கர், தூள் சலிக்கும் மாரியாயி அக்கா, எல்லோரும் பார்க்க சுவிட்சை அணைத்தேன். போனில் கேட்டேன்.

"வருதா?"

"ஒண்ணுமே வரல மச்சான்."

எனக்கு வாய் பழகிவிட்டது. "சேர், இதுக்கு டீமேக்கர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

நேசன் சேர் குரலைத் தாழ்த்தினார். "அவர் இப்ப எங்கை நிக்கிறார்?"

"வீட்டில, சேர்."

"அப்ப வீட்டிலை இருந்துகொண்டே வயரைப் பிடுங்கிறார்?"

அடுப்புக்குப் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. நேசன் சேர் என் கையிலிருந்து போனை வாங்கி, கடைசியாக வந்த பதிவில் என்ன நேரம் இருக்கிறது என்று பதுளைக்காரனிடம் கேட்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இப்ப எத்தினை மணி?"

நான் பெருமையாகச் சுவரைக் காட்டினேன்.

"ஐயோ, அது தோட்டத்து நேரங்கய்யா!" என்றாள் மாரியாயி அக்கா. "அர மணி முந்தி ஓடும். காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கு ஆளுங்க வெள்ளன வரட்டும்னு அந்தக் காலத்துத் தொர வச்சதாம். பதுள பஸ்ஸுக்குப் போறவுக யாரும் இதப் பாக்க மாட்டோம்." பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமான அக்கறையோடு கேட்டாள். "ஏந் தம்பி, நீங்க நம்ம லயத்து வீட்டுலதானே பொறந்தீங்க?"

விஷயம் இவ்வளவுதான். மாமா தன் பதிவேட்டை ஸ்டோர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். கம்ப்யூட்டரும் அதோடு ஒத்துப்போகட்டும் என்று தன் ஷிஃப்டில் அதன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிவைப்பார். தினம் பஸ்ஸில் வரும் அசிஸ்டன்ட், "தப்பா ஓடுதேன்னு நான் திருத்தி வைப்பேங்க" என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். பூட்டிய அறையில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் மட்டும் நாட்டு நேரத்திலேயே இருந்தது. அது வேலையைத் தூக்கும்போது அனுப்பிய பதிவெல்லாம், முன்பு வந்ததைவிட அரை மணி பழையதாகத் தெரிந்தது. ஷிஃப்ட் மாறி அசிஸ்டன்ட் நேரத்தைத் திருத்தியபோது காணாமல் போன அரை மணிக்கும் இதே கதைதான். பழைய பதிவு வந்தால் தூக்கி எறி என்று பதுளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்த மேதை யார்? நான்தான். அதற்காகப் பாராட்டுக்கூட வாங்கியிருந்தேன்.

அம்மா பெரட்டுக்கு ஓடியதும், நான் பள்ளிக்கூடம் ஓடியதும் அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான். ஒன்றரை வருஷக் கொழும்புத் தண்ணீர் அதை என் தலையிலிருந்து கழுவிவிட்டிருந்தது.

துரை என்னையே மாமா வீட்டுக்கு அனுப்பினார், சாவியைக் கையில் கொடுத்து. மாமா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை யார் முன்னாலும் அப்படி வெட்கப்பட்டதில்லை. அவர் கோடரியைக் கீழே வைத்தார்.

"நேரத்த மாத்துனது நாந்தான் மாப்ள. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ வயரக் கேட்ட, மோடத்தக் கேட்ட, எலியக் கேட்ட. என்னக் கேக்கலியே."

சாவியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். என்னோடு அவர் அடுத்த வார்த்தை பேச ஏழு மாதம் ஆனது. எனக்கு வேலை நிரந்தரமாக அதைவிட அதிகக் காலம் பிடித்தது.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். கரண்ட் போனாலும், பால் திரிந்தாலும், டீவி ரிமோட்டைக் காணவில்லை என்றாலும், "சுப்பையா மாமா எங்க இருந்தாரு?" என்பார்கள். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து மைக் படுத்துவிட்டது. மண்டபமே திரும்பி மாமாவைப் பார்த்தது. அவர் முதல் வரிசையில் எழுந்து நின்று, அட்சதை ஒட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"நான் இங்கதான் இருக்கேன் மாப்ள, எழுதிக்க! இங்கிலீசுலயே எழுது."

என் மனைவி தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நாணம் என்று ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அவள் சிரித்து முடிக்கும் வரை ஐயர் காத்திருக்க வேண்டியிருந்தது எனக்குத்தான் தெரியும்.