1742 என்று எழுதிய வீடு

ஒன்பதாவது குழியிலும் பாட்டில் மூடிதான் வந்தது.

எல்வுட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசல் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். '1742' என்று அது சத்தியமே பண்ணியது. கனெக்டிகட்டின் அந்தச் சின்ன ஊரில் இதைவிடப் பழைய வீடு கிடையாது. இந்தப் புல்தரையில் மெட்டல் டிடெக்டரோடு நடக்க அனுமதி வாங்க அவருக்குப் பதினொரு வருஷம் ஆனது. பதினொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கார மிசஸ் விட்கமுக்குத் தவறாமல் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார். டிடெக்டர் கிளப்பில் எல்லோரும் ராஜா தலை போட்ட செப்புக்காசு ஒன்றாவது எடுத்துவிட்டார்கள். பாவம், இவர் மட்டும்தான் பாக்கி.

காலையில் மில் தெரு பதினாலாம் எண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே மனைவி மார்சி பிடித்துக்கொண்டாள்.

"பின்பக்கம் ஒரு ரோஜாப் பாத்தி வெட்டுங்கன்னு கெஞ்சினேன். சோம்பல்பட்டு மொத்தமும் சிமெண்ட் போட்டு மூடினீங்க. இப்ப ஊரான் வீட்டுல போய்த் தோண்டுறீங்களாக்கும்?"

"நம்மது எழுபத்திரண்டுல கட்டின வீடுடீ. அதுல என்ன கிடைக்கும், மண்ணாங்கட்டி!"

மிசஸ் விட்கம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "நாலு மணிக்குத் தோட்டக் கிளப் பெண்கள் டீக்கு வர்றாங்க. அதுக்குள்ள தோண்டின சுவடே தெரியக்கூடாது. ஒரு புல்லு சாய்ஞ்சிருந்தாலும் அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது, சொல்லிட்டேன்."

மணி மூன்றே முக்கால். குப்பையெல்லாம் மேலே, காசெல்லாம் கீழே என்று எல்வுட் முடிவுகட்டினார். பத்தாவது குழியில் மண்வெட்டியை ஓங்கி இறக்கினார்.

சர்ர்ர்! தண்ணீர்க் குழாய்!

அவசரமாகத் தொப்பியைத் திணித்தார். தண்ணீர் ஒன்பதாவது குழி வழியாக எட்டிப் பார்த்தது. அங்கே காலுறையைத் திணித்தார். தண்ணீர் நேராக ரோஜாச் செடிகளை நோக்கி ஓடியது. வெறுங்காலோடு கொட்டகைக்கு ஓடினார். அங்கே தண்ணீர்க் குழாய்த் திருகிகள் இரண்டு இருந்தன. கடவுளே என்று ஒன்றைத் திருகினார்.

புல்தரை முழுக்கத் தெளிப்பான்கள் தலைதூக்கின. சரியாக அதே நேரத்தில்தான் தோட்டக் கிளப் பெண்கள் எட்டுப் பேர், சலவை கலையாத உடையோடு கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள்.

"எல்வுட்!" மிசஸ் விட்கமின் கத்தலில் கொட்டகைக் கதவு அதிர்ந்தது. "உன் கருவியை எடுத்துக்கிட்டு வெளிய போ! இனி கேக்கும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

பதினொரு வருஷம் தண்ணீரோடு போயிற்று. எல்வுட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

"1742 வீட்டு மண்ணுல ஒரே ஒரு காசு... அதுகூட இல்லையே மேடம், எல்லாம் மூடிங்கதான்!"

நனைந்த பெண்களில் ஹேஸல் மட்டும் குனிந்து ஒரு மூடியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அட, இது என் கையால திறந்த பாட்டிலோட மூடியாத்தான் இருக்கும்! இங்க ஐஸ்கிரீம், சோடாக் கடை இருந்துச்சு, நான் பதினேழு வயசுல அதுல வேலை பார்த்தேன். வீடுதாம்பா 1742. எழுபத்தொண்ணுல அப்படியே பேர்த்து, லாரியில ஏத்திக் கொண்டுவந்து இங்க இறக்கினாங்க."

எல்வுட் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எங்கேர்ந்து?"

"மில் தெரு, பதினாலாம் நம்பர். அங்க பின்பக்கம் மண்ணைக் கிளறினாலே பழைய காசு வரும். இப்ப எவனோ ஒரு சோம்பேறி, மொத்தமா சிமெண்ட் போட்டு மூடிட்டானாம்!"